இரண்டு நாள் தயங்கினேன், நான் நல்லவள் இல்லையா?

கேள்வி: கடலூர் மஞ்சக்குப்பத்தில் மளிகைக் கடை வைத்திருக்கிறேன். போன வாரம் ஒருவர் 180 ரூபாய்க்குப் பதிலாக 1,800 ரூபாயைப் போனில் அனுப்பிவிட்டுப் போய்விட்டார். ராத்திரிதான் கவனித்தேன். பேசாமல் இருந்துவிடலாமா என்று இரண்டு நாள் மனசு அலைபாய்ந்தது. அப்புறம் மிச்சத்தைத் திருப்பி அனுப்பிவிட்டேன். புதுச்சேரியில் தத்துவம் படிக்கும் மகள், 'அரிஸ்டாட்டில் கணக்கில் நீ இன்னும் நல்லவள் ஆகவில்லை அம்மா' என்று சிரிக்கிறாள். அது என்ன கணக்கு?

பதில்: உங்கள் மகள் பாடத்தைச் சரியாகத்தான் படித்திருக்கிறாள். என்ன, பாதியில் நிறுத்திவிட்டாள்.

அரிஸ்டாட்டில் (கி.மு. 384–322) ஆட்களை ரகம் பிரிக்கிறார். 1,620 ரூபாய் மேல் ஆசை வந்தும் அடக்கிக்கொண்டு திருப்பிக் கொடுப்பவர் மன அடக்கம் உள்ளவர். ஆசையே எழாமல், சந்தோஷமாகக் கொடுப்பவர் அதற்கும் மேலே. அறப்பண்பு உள்ளவர் அவர்தான். நீங்கள் முதல் ரகம். வெட்கப்பட ஒன்றுமில்லை, நானும் அங்கேதான் நிற்கிறேன். அதுவும் சில நாள்தான்.

மீதிப் பாதி இது: யாழை வாசித்து வாசித்து யாழ்க்காரன் ஆவதுபோல, நியாயமாக நடந்து நடந்துதான் நியாயவான் ஆக முடியும் என்கிறார். நம் ஔவையார் பாட்டு, சித்திரத்தைக் கைப்பழக்கம் என்று சொல்லிவிட்டு நட்பு, தயை, கொடை மூன்றையும் பிறவிக் குணம் என்று ஒதுக்கிவிடுகிறது. இந்த இடத்தில் எனக்கு அரிஸ்டாட்டில் பக்கம்தான் சாய்வு. கொடையும் கைப்பழக்கம்தான்.

பின்னால் வந்த தத்துவவாதிகளில், எது சரி என்று சொல்ல காண்ட் கடமையைப் பிடித்துக்கொண்டார், பெந்தாம் பலனைப் பிடித்துக்கொண்டார். குணம் பற்றிய பேச்சு ஓரமாகப் போனது. 1958-ல் எலிசபெத் ஆன்ஸ்கோம் என்ற தத்துவவாதி எழுதிய ஒரு கட்டுரைதான் அதைத் திரும்பவும் நடுவே இழுத்து வந்தது.

உங்கள் கல்லாவுக்கு இது நன்றாகவே பொருந்தும். முன்பெல்லாம் யாராவது நோட்டை மாற்றிக் கொடுத்தால் ஆள் எதிரிலேயே நிற்பார். அவர் முகமே நம்மைக் கூப்பிட வைக்கும். இப்போது நீங்கள் துவரம்பருப்பை நிறுத்துக்கொண்டிருக்கும்போது ஸ்பீக்கர் டப்பா ஏதோ ஒரு தொகையைச் சொல்கிறது. நிமிர்ந்து பார்ப்பதற்குள் ஆள் வண்டியை எடுத்துவிடுகிறார். முகம் செய்த வேலையைப் பழக்கம்தான் செய்தாக வேண்டும்.

அதனால் ஷட்டரை இறக்குவதற்கு முன் போனில் வந்த வரவை ஒருமுறை பாருங்கள். கூடுதலாக வந்திருந்தால் அங்கேயே நின்று அனுப்பிவிட்டுப் பூட்டுங்கள். அப்புறம், மகள் லீவுக்கு வரும்போது ஒரு வாரம் அவளைக் கல்லாவில் உட்கார வையுங்கள்.