ரெஸ்ட்டா? யாருக்கு?

கேள்வி: ராக்கபில்லி (1950கள்ல அமெரிக்காவுல கிராமத்துக் கன்ட்ரி பாட்டும் ப்ளூஸும் கலந்து வந்த ராக் இசை) பாடகர் ஒருத்தர் ரெக்கார்டிங்கை முடிச்சுட்டு டூர் கிளம்பறதுக்கு முன்னாடி கிடைக்கிற ரெஸ்ட்ல என்ன பண்ணுவார்? கார்ல் பெர்கின்ஸ் மாதிரி ஆளுங்களைக் கேக்கறேன்.
(வாசகர், திண்டுக்கல்)

பதில்: கார்ல் பெர்கின்ஸ் பேரையும் எழுதிட்டு பக்கத்துலயே "ரெஸ்ட்"டுன்னும் எழுதியிருக்கீங்க பாருங்க, அதைப் படிச்சதும் மனசு கேக்கல. அந்த மனுஷன் வாழ்க்கையில பாட்டு ஓஹோன்னு ஓடிட்டிருந்த நேரத்துல ரெஸ்ட்னு கிடைச்சது ஒரு முப்பது நாள், அதுவும் கழுத்தெலும்பு முறிஞ்சு கிடைச்சது.

டென்னஸியில பருத்திக் காட்டுல வேலை செஞ்ச குடும்பம். சுருட்டுப் பெட்டியையும் தொடப்பக் கட்டையையும் சேத்து அப்பா செஞ்சு குடுத்ததுதான் முதல் கிடார். வளந்தப்புறம் பகல்ல பேக்கரி வேலை, ராத்திரி ஜாக்சன் ஊர் பார்கள்ல வாசிப்பு. ஒரு நாள் விடியக்காலை மூணு மணிக்கு முழிப்பு வந்து, எழுத பேப்பர் இல்லாம உருளைக்கிழங்கு வாங்கிட்டு வந்த காகிதப் பையில எழுதினதுதான் அவரைப் பிரபலமாக்கின "ப்ளூ ஸ்வேட் ஷூஸ்" பாட்டு. 1955 டிசம்பர் 19ல மெம்ஃபிஸ்ல சன் ஸ்டுடியோவுல பதிவு, 1956 ஜனவரி 1ல ரெக்கார்டு வெளிய வந்தாச்சு. நடுவுல பதிமூணே நாள்!

அப்போ வேலை இல்லையான்னா, இருந்தது. ஸ்டுடியோவுல அதோட முதலாளி சாம் பிலிப்ஸ் சத்தத்தை ரெண்டாவது டேப் மெஷின் வழியா ஓட்டி ஒரு இம்மி லேட்டா திரும்பக் கலப்பாரு, அதுலதான் குரலும் கிடாரும் செவுத்துல பட்டுத் திரும்பி வர்ற மாதிரி கேக்கும். ஜனங்க ரேடியோவுல கேட்டு மயங்கினது அந்த எதிரொலியில. டூர்ல ஸ்டுடியோ மெஷின் கூட வருமா? இல்லினாய்ஸ்ல கெய்ரோங்கற ஊர்ல ரே பட்ஸ்னு ஒருத்தர் டேப் எதிரொலியை ஆம்ப்ளிஃபயர் பெட்டிக்குள்ளயே வச்சு செஞ்சு வித்தாரு, பாடகர் எல்விஸ் பிரெஸ்லியோட கிடாரிஸ்ட் ஸ்காட்டி மூர் 1955லயே ஒண்ணு வாங்கிட்டாரு, கார்லும் வாங்கினாரு. அதையும் தூக்கிட்டு ஊர் ஊரா போகணும்.

அடுத்து "பாடகர் ஒருத்தர்". இந்த ஒருத்தரோட எனக்கு இருக்கற சண்டை இந்தப் பக்கத்தை ரெகுலரா படிக்கறவங்களுக்குத் தெரியும். ஒருத்தரா போனாரு அவரு? ரிதம் கிடார் அண்ணன் ஜே. ஆள் உயர பேஸ் தம்பி கிளேட்டன், அது வில்லு போட்டு மெல்ல வாசிக்கற வேலை இல்ல, நரம்பை விரலால இழுத்து விட்டு அது பலகையில போய் மோதணும், உள்ளங்கையாலயும் அடிக்கணும், அந்த டக் டக் சத்தம்தான் ராக்கபில்லியோட நாடித்துடிப்பு, 1954ல எல்விஸ் முதல் ரெக்கார்டுல ட்ரம்ஸே கிடையாது, பில் பிளாக் பேஸை அடிச்ச அடியிலதான் பாட்டே ஓடுது. ட்ரம்ஸ் ஃப்ளூக் ஹாலண்ட். சன் கம்பெனி எல்விஸ் லேபிள்ல அவர் பேருக்குக் கீழ ஸ்காட்டி, பில்னு ரெண்டு பேரையும் அச்சடிச்சாங்க. கார்ல் ரெக்கார்டுல கார்ல் மட்டும். நம்ம பழைய சினிமா ரெக்கார்டு உறையில வயலின் வாசிச்சவர் பேரைத் தேடிப் பாருங்க, எனக்கு எங்க வலிக்குதுன்னு புரியும்.

1956 மார்ச் 21ல வர்ஜீனியாவுல நார்ஃபோக்ல ப்ரோக்ராம். முடிச்சு நியூயார்க் டிவில பாட ராத்திரியோட ராத்திரியா கார்ல கிளம்பறாங்க. 22ம் தேதி விடியறதுக்குக் கொஞ்சம் முன்னாடி டெலவேர்ல டோவர் பக்கத்துல கார் ஒரு பிக்கப் லாரி பின்னாடி மோதி, ஒரு அடி தண்ணி நின்ன பள்ளத்துல போய் விழுந்தது. லாரி ஓட்டினவர் நாப்பது வயசு விவசாயி, செத்துட்டாரு, அந்தக் குடும்பத்தைப் பத்தி எழுதறவங்க ரொம்பக் கம்மி. கார்ல் நினைவில்லாம தண்ணில கவுந்து கிடந்தாரு. அவரைப் புரட்டிப் போட்டு மூச்சைக் காப்பாத்தினது யாரு? ட்ரம்மர் ஃப்ளூக் ஹாலண்ட். கார்லுக்குக் கழுத்துல மூணு எலும்பு முறிவு, காறை எலும்பு முறிவு, ஒரு நாள் முழுக்க நினைவில்ல. ஜேக்கும் கழுத்து முறிஞ்சது, உள்காயமும் பலமா.

மறுநாள் எல்விஸ் கூட வாசிக்கற ஸ்காட்டி மூர், பில் பிளாக், டி.ஜே. ஃபான்டனா மூணு பேரும் நியூயார்க் போற வழியில ஆஸ்பத்திரிக்கு வந்து பாத்துட்டுப் போனாங்க. பில் பிளாக் சிகரெட் பத்த வச்சு கார்ல் வாயில வச்சாராம், பக்கத்துப் படுக்கையில ஆக்சிஜன் கூடாரத்துக்குள்ள ஒரு நோயாளி! பண்ணக் கூடாத காரியம்தான், ஆனா அந்தப் பாசம் எனக்குப் பிடிச்சிருக்கு.

ப்ளூ ஸ்வேட் ஷூஸை எல்விஸும் பாடினதால, கார்ல் பாட்டை அவர் திருடிட்டாருன்னு வருஷக்கணக்கா எனக்கு லெட்டர் போடற நண்பருக்கும் இங்கயே சொல்லிடறேன். எல்விஸ் அதைப் பதிவு பண்ணது ஜனவரி 30, தனி ரெக்கார்டா (சிங்கிள்) வந்தது அந்த வருஷம் பின்பாதியிலதான். கார்லோடது அமெரிக்காவுல பில்போர்டு பத்திரிகை போடற பாப் பாட்டு வரிசை லிஸ்ட்ல ரெண்டாம் இடம் வரைக்கும் போச்சு, எல்விஸோடது இருபதைத் தாண்டல. கார்லோட ஓட்டத்தை நிறுத்தினது அந்த ரோடு. திருட்டுப் பட்டம் கட்டாதீங்க.

ஏப்ரல் 21ல டெக்சாஸ்ல பியூமாண்ட்ல கார்ல் திரும்ப மேடை ஏறிட்டாரு, மே 26ல அந்த டிவி நிகழ்ச்சியிலயும் பாடிட்டாரு. ஃப்ளூக் ஹாலண்ட் 1960லேருந்து கன்ட்ரி பாடகர் ஜானி கேஷ் கூட வாசிச்சாரு, பல வருஷம். ஜே பழையபடி தேறவே இல்ல, 1958ல போயிட்டாரு, முப்பது வயசு கூட ஆகல. ப்ளூ ஸ்வேட் ஷூஸ்ல பாட்டுக்குப் பின்னாடி விடாம ஓடற அந்த ரிதம் கிடார் அவரோடது.