வகுப்பறையில் சமையல் கற்றுத்தருவது: டீச்சர்களின் கேள்விகளும் பதில்களும்

8-ஆம் வகுப்பிலிருந்து 10-ஆம் வகுப்பு வரை உள்ள பிள்ளைகளுக்குப் பள்ளியிலேயே சமையலும் பேக்கிங்கும் சொல்லித்தருவது பற்றி வந்த கேள்விகள் இவை. கணக்கெல்லாம் 24 பிள்ளைகள், நாலு நாலு பேராக 6 குழு, சேர்ந்தாற்போல் இரண்டு பீரியட், அதாவது 80 நிமிடம் என்று வைத்துப் போட்டது.

கேள்வி: டீச்சர், பழைய லேப் அறை ஒன்று கிடைத்திருக்கிறது. கேஸ் அடுப்பு வாங்குவதா, இண்டக்‌ஷன் வாங்குவதா?

இண்டக்‌ஷன் வாங்குங்கள். கேஸ் காற்றைவிடக் கனமானது. கசிந்தால் தரையோடு தங்கும், மேலே இருக்கிற ஜன்னலைத் திறந்து வைத்தாலும் சட்டென்று வெளியேறாது. லேப் அறைகளில் தரைமட்டத்தில் காற்றுப்போக்கி இருப்பது அபூர்வம்.

ஆனால் இண்டக்‌ஷனுக்கு முதலில் எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட வேண்டும். ஒரு அடுப்பு முழு வேகத்தில் 2000 வாட் இழுக்கும். நம் 230 வோல்ட்டுக்கு அது 9 ஆம்பியர் அளவு. சுவரில் இருக்கும் 6 ஆம்பியர் சாக்கெட்டில் செருகினால் பிளக் சூடாகி உருகும். எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் இரண்டு அடுப்பைச் செருகுவது அதைவிட ஆபத்து. ஆறும் ஒன்றாக ஓடினால் 50 ஆம்பியரைத் தாண்டும். அதனால் 16 ஆம்பியர் சாக்கெட்டுகள், தனி லைன், தனித்தனி எம்.சி.பி. (மின்சாரம் அளவுக்கு மீறினால் தானே துண்டிக்கும் சுவிட்ச்) என்று கேட்டுப் போடச் சொல்லுங்கள். பிள்ளைகள் செய்கிற சமையலுக்கு 1200 வாட்டே தாராளம். அதற்கு மேல் வைக்கக் கூடாது என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள்.

பாத்திரம் வாங்கப் போகும்போது ஒரு காந்தத்தைக் கையில் கொண்டுபோங்கள். அடியில் ஒட்டினால் வேலை செய்யும். சாதாரண அலுமினியப் பாத்திரம் இதில் சூடாகாது.

கேள்வி: முதல் வகுப்பில் எதிலிருந்து ஆரம்பிப்பது?

அடுப்பே வேண்டாம். கத்தியும் தராசும் போதும். ஊறவைத்த பாசிப்பருப்பு, வெள்ளரிக்காய், எலுமிச்சை வைத்துக் கோசுமல்லி செய்யச் சொல்லுங்கள். நறுக்குவது, அளப்பது, உப்புப் பார்ப்பது மூன்றும் அதிலேயே வந்துவிடும்.

பலகைக்கு அடியில் ஈரத்துணியை மடித்துப் போட்டால் நகராது. காயைப் பிடிக்கும் கையில் விரல்நுனிகளை உள்ளே மடக்கி, நடுவிரலின் கணு கத்தியின் பக்கத்தில் படுகிற மாதிரி வைக்க வேண்டும். வெள்ளரிக்காயை முதலில் நீளவாக்கில் இரண்டாகப் பிளந்து, தட்டையான பக்கம் கீழே இருக்கும்படி வைத்து நறுக்கினால் உருளாது. பிள்ளைகள் கையில்தானே என்று மழுங்கின கத்தியைக் கொடுக்காதீர்கள். கூர் இல்லாத கத்தியை அழுத்த வேண்டியிருக்கும், அழுத்தும்போதுதான் வழுக்கும்.

கத்தியை எண்ணிக் கொடுங்கள், எண்ணி வாங்குங்கள். கணக்குச் சரியாகும் வரை யாரும் அறையை விட்டுப் போகக் கூடாது.

கேள்வி: உப்புமாவில் ஒரு குழுவுக்குக் கட்டி, இன்னொரு குழுவுக்குக் களி. ஒரே அளவுதானே கொடுத்தேன்?

அளவைக் கொடுத்தீர்கள், தண்ணீர் எப்போது கொதிக்க வேண்டும் என்பதைக் கொடுக்கவில்லை போலிருக்கிறது. ஒரு குழுவுக்கு 150 கிராம் ரவை, 500 மில்லி தண்ணீர், 2 மேசைக்கரண்டி எண்ணெய், முக்கால் தேக்கரண்டி உப்பு. கட்டி தட்டுவது தண்ணீர் தளதளவென்று கொதிப்பதற்குள் ரவையைக் கொட்டியதாலோ, மொத்தமாகக் கொட்டியதாலோதான். ஒருவர் மழை பெய்கிற மாதிரி தூவ, இன்னொருவர் கை நிறுத்தாமல் கிளற வேண்டும். ரவையை வறுக்காமல் விட்டாலும், தண்ணீரைக் கண்ணளவில் ஊற்றினாலும் களியாகிவிடும். 4 அல்லது 5 நிமிடம் மிதமான சூட்டில், நிறம் மாறாமல், வாசனை வரும் வரை வறுத்தால் போதும்.

கட்டி தட்டிய உப்புமாவை ஒதுக்கி வைத்துவிடாதீர்கள். இரண்டு தட்டையும் பக்கத்தில் வைத்து, எது எங்கே மாறியது என்று பிள்ளைகளையே சொல்லவிடுங்கள். நீங்கள் கரண்டியை வாங்கிச் சரிசெய்து கொடுத்தால் உப்புமா நன்றாக வரும், பிள்ளைக்கு எதுவும் வராது.

கேள்வி: மேடம், ஒரே ஓ.டி.ஜி.தான் (கேக் சுடும் சின்ன மின்சார ஓவன்) இருக்கிறது. முதலில் வைத்த கப் கேக் அருமையாக வந்தது, கடைசிக் குழுக்களுடையது தட்டையாகப் போய்விட்டது. பிள்ளைகள் அழுதேவிட்டார்கள்.

அந்தப் பிள்ளைகள் மேல் தப்பே இல்லை. காத்திருந்த மாவின் கோளாறு அது. தயிரின் புளிப்பு சமையல் சோடாவைத் தொட்ட நொடியிலேயே வாயு கிளம்ப ஆரம்பித்துவிடும். அந்தக் குமிழிகள் மாவுக்குள் இருக்கும்போதே சூடு பட்டால்தான் கேக் எழும்பும். முக்கால் மணி நேரம் மேசையில் கிடந்தால் பெரும்பாலான வாயு போய்விடும்.

ஆறு அச்சுக்கு அளவு இது: மைதா 90 கிராம், சர்க்கரை 70 கிராம், கெட்டித் தயிர் 120 கிராம், எண்ணெய் 50 மில்லி, பேக்கிங் பவுடர் அரைத் தேக்கரண்டி, சமையல் சோடா கால் தேக்கரண்டி, உப்பு ஒரு சிட்டிகை. முட்டை கிடையாது. மைதா, பவுடர், சோடா, உப்பை ஒன்றாகச் சலித்து ஒரு கிண்ணத்தில் வையுங்கள். தயிர், சர்க்கரை, எண்ணெயைக் கலந்து இன்னொரு கிண்ணத்தில். ஓ.டி.ஜி. காலியாகப் போகிற கடைசி 2 நிமிடத்தில்தான் இரண்டையும் சேர்க்க வேண்டும். வெள்ளை மாவு கண்ணுக்குத் தெரியாமல் போகும் வரை கலந்தால் போதும். பிள்ளைகளுக்கு அடித்துக் கலக்க ஆசையாக இருக்கும். அடித்தால் மைதாவின் பசை இறுகி, கேக் ரப்பர் மாதிரி ஆகும். அச்சில் மூன்றில் இரண்டு பங்கு நிரப்பி, முன்கூட்டியே சூடாக்கிய 180 டிகிரியில், நடுத்தட்டில், 18 முதல் 20 நிமிடம். முதல் 15 நிமிடம் கதவைத் திறக்கவே கூடாது. பாதி வெந்த கேக்கில் குளிர்காற்றுப் பட்டால் நடு அமுங்கிவிடும்.

கப் அளவு வேண்டாம், தராசே வேண்டும். ஒரு கப் மைதாவை மெதுவாக அள்ளிப் போட்டால் 120 கிராம், கப்பையே மாவில் விட்டு அமுக்கி எடுத்தால் 150 வரை வரும். அந்த 30 கிராமில் கேக் வறண்டுபோகும். ஓ.டி.ஜி.யின் குமிழ் காட்டும் சூட்டையும் நம்பாதீர்கள். உள்ளே வைக்கிற ஓவன் தெர்மாமீட்டர் ஒன்று வாங்கிக்கொண்டால் குழப்பம் தீரும்.

இன்னொன்று: ஒரு குழுவுக்கு 20 நிமிடம் என்றால் ஆறு குழுவுக்கு 2 மணி நேரம். 80 நிமிடத்தில் நடக்காது. ஒரு வாரத்தில் இரண்டு குழு கேக், மற்ற நாலு குழு சப்பாத்தி என்று வைத்து, மூன்று வாரத்தில் சுற்றி வரச் செய்யுங்கள்.

கேள்வி: அப்படியானால் சப்பாத்திக்கு அளவு?

கோதுமை மாவு 250 கிராம், தண்ணீர் 160 மில்லி, உப்பு அரைத் தேக்கரண்டி. பிசைந்து மூடி 20 நிமிடம் விட வேண்டும். கல் நன்றாகக் காயாமல் போட்டால் மெதுவாகக் காய்ந்து அப்பளமாகிவிடும்.

கேள்வி: ஓ.டி.ஜி.யே இல்லாத பள்ளிகள் குக்கரில் மணல் போட்டுக் கேக் செய்யலாமா?

வகுப்பில் வேண்டாம். தண்ணீர் இல்லாமல் சூடேறும் குக்கரின் வெப்பத்தை யாரும் கணிக்க முடியாது. இட்லிப் பானையில் ஆவியில் வேகவைக்கிற ரவா இட்லியைச் செய்யுங்கள், சோடா எப்படி எழுப்புகிறது என்ற பாடம் அதிலும் இருக்கிறது.

கேள்வி: பையன்கள் பாத்திரம் கழுவ மறுக்கிறார்கள். பெண் பிள்ளைகளே எடுத்துச் செய்துவிடுகிறார்கள்.

விருப்பத்துக்கு விட்டால் அப்படித்தான் நடக்கும். அளப்பவர், நறுக்குபவர், அடுப்பைப் பார்ப்பவர், கழுவுபவர் என்று நாலு வேலையையும் சுவரில் எழுதி ஒட்டி, வாராவாரம் மாற்றுங்கள். மதிப்பெண்ணிலும் 20-க்கு 6 சுத்தத்துக்கு வையுங்கள், ருசிக்கு 4-க்கு மேல் வேண்டாம். நேரத்தையும் ஒதுக்க வேண்டும்: விளக்கம் 10 நிமிடம், சமையல் 40, சாப்பிட 10, கழுவித் துடைக்க முழுசாக 20.

கேள்வி: சூடு பட்டால் உடனே என்ன செய்வது?

ஓடும் குழாய்த் தண்ணீரில் 20 நிமிடம். ஐஸ், பற்பசை, இங்க் எதுவும் கூடாது. கொப்புளம் வந்தாலோ, முகத்திலோ கையிலோ பட்டாலோ, பெரிய இடத்தில் பட்டாலோ மருத்துவமனை. எண்ணெய் தீப்பிடித்தால் அடுப்பை அணைத்து, மூடியால் மூடி, ஆறும் வரை திறக்காமல் விட வேண்டும். தண்ணீர் ஊற்றினால் தீ சிதறும். துப்பட்டாவைப் பின் குத்தி, ஏப்ரன் பருத்தியில் தைக்கச் சொல்லுங்கள், நைலான் உருகித் தோலில் ஒட்டும்.

கேள்வி: ஒவ்வாமை பற்றிப் பெற்றோரிடம் கேட்க வேண்டுமா?

கட்டாயம், எழுத்தில், ஆண்டுத் தொடக்கத்திலேயே. வேர்க்கடலை, முந்திரி, பால், முட்டை, எள், இறால். வீட்டில் முட்டை தொடாத பிள்ளைகளுக்குக் கரண்டியும் கிண்ணமும் தனியாக இருக்கட்டும்.

கேள்வி: மிச்சத்தை டிபன் பாக்ஸில் வீட்டுக்குக் கொடுத்து அனுப்பலாமா? அம்மாவுக்குக் காட்ட ஆசைப்படுகிறார்கள்.

கேக், சப்பாத்தி என்றால் ஆறியதும் தாராளமாக. உப்புமா, சாதம், முட்டை வேண்டாம். 5 டிகிரிக்கும் 60 டிகிரிக்கும் நடுவில் கிருமிகள் வேகமாகப் பெருகும், நம் வெயிலில் புத்தகப்பைக்குள் இருக்கிற டப்பா அந்தச் சூட்டிலேயேதான் இருக்கும். காட்டத்தானே ஆசை, கேக் செய்கிற வகுப்பைக் கடைசிப் பீரியட்டில் வைத்துவிடுங்கள்.