ஆயிரம் சதவீத ஆதரவு

கேள்வி: எதிர்க்கட்சி தன் துணை வேட்பாளரைப் பாதியில் மாற்றினால், அதை வைத்தே மேடைக்கு மேடை கிழித்துத் தொங்கவிடலாமே? அமெரிக்காவில் அப்படி நடந்திருக்கிறதா?
– ஒரு வாசகர், கும்பகோணம்

பதில்: மாற்றியது நடந்திருக்கிறது, 1972-இல். கிழிக்கத்தான் இல்லை.

ஜனநாயகக் கட்சியின் அதிபர் வேட்பாளர் ஜார்ஜ் மெக்கவர்ன், தன் துணை அதிபர் வேட்பாளராக மிசௌரி செனட்டர் தாமஸ் ஈகிள்டனை அறிவித்தது ஜூலை 13. மன அழுத்தத்துக்காக மூன்று முறை மருத்துவமனையில் இருந்ததையும், மின் அதிர்ச்சிச் சிகிச்சை பெற்றதையும் ஈகிள்டன் ஜூலை 25-இல் ஒப்புக்கொண்டார். "ஆயிரம் சதவீதம் அவர் பக்கம் நிற்கிறேன்" என்றார் மெக்கவர்ன். யார் கேட்டார்கள் அந்த ஆயிரத்தை? ஜூலை 31-இல் ஈகிள்டனை விலக வைத்தாயிற்று. அப்புறம் எட்வர்டு கென்னடி, ஹம்ப்ரி, மஸ்கி என்று பெரிய தலைகள் வரிசையாகக் கையை விரிக்க, கடைசியில் கென்னடி வீட்டு மாப்பிள்ளை சார்ஜென்ட் ஷ்ரைவர் வந்து சேர்ந்தார்.

எதிரணியான குடியரசுக் கட்சியின் வேட்பாளர், அப்போதைய அதிபர் நிக்சனோ, இந்த விஷயத்தில் வாய் திறக்க வேண்டாம் என்று தன் ஆட்களை அடக்கிவைத்தார். ஈகிள்டனின் சின்ன மகனுக்கு ஆறுதலாக ஒரு கடிதமும் எழுதினார். தங்கமான மனசு என்று உருகிவிடாதீர்கள். வாட்டர்கேட் கட்டடத்தில் இருந்த ஜனநாயகக் கட்சி அலுவலகத்துக்குள் புகுந்த நிக்சன் தரப்பு ஆட்கள் பிடிபட்டது அதற்கு முந்தைய மாதம்தான். நோயாளியைத் தாக்கினால் அனுதாபம் அந்தப் பக்கம் போய்விடும். பத்திரிகைகளோ செலவில்லாமல் அந்த வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தன. இதில் நிக்சனுக்கு என்ன வேலை?

புதிதாக வந்த ஷ்ரைவரையும் நிக்சன் தரப்பு பெரிய இலக்காக எடுக்கவில்லை. குறி முழுக்க மெக்கவர்ன் மேல்தான். நிக்சனை ஆதரித்த ஜனநாயகக் கட்சிக்காரர்கள் பெயரில் ஒரு தொலைக்காட்சி விளம்பரம் வந்தது. போன வருடம் ஒன்று சொன்னார், இந்த வருடம் வேறு சொல்கிறார் என்று குரல் ஒலிக்க, மெக்கவர்னின் படம் இப்படியும் அப்படியும் திரும்பும். பார்க்கிறவருக்கு ஈகிள்டன் ஞாபகம் தானாக வராதா?

நவம்பரில் 49 மாநிலங்கள் நிக்சனுக்கு. மெக்கவர்ன் சொந்த மாநிலமான தெற்கு டகோட்டாவிலேயே தோற்றார். ஈகிள்டன் விவகாரம் இல்லாவிட்டாலும் தோற்றிருப்பார் என்பது என் கணிப்பு, ஆனால் இந்த அளவுக்கு இல்லை.

கேள்வி: நிக்சனின் துணை அதிபர் எப்படிப்பட்டவர்?
– அதே வாசகர்

பதில்: ஸ்பைரோ ஆக்னியூ. மாற்றாமல் பத்திரமாக வைத்துக்கொண்டார்கள். அடுத்த ஆண்டு அக்டோபரில் வரி ஏய்ப்பு வழக்கில் சிக்கிப் பதவி விலகினார்.