கல் பொறுக்கி மாளவில்லை; அடியிலுள்ள பாறையை உடைத்துப் பரப்பலாமா?

கேள்வி: மூன்று ஏக்கர் சரிவான செம்மண் நிலத்தில் மானாவாரியாகக் கடலை போடுகிறேன். ஒவ்வொரு உழவிலும் கல் பொறுக்கி வரப்போரம் குவிக்கிறேன். ஒரு மழை பெய்தால் மறுபடி கல்லாகக் கிடக்கிறது. ஓரடி தோண்டினால் கடப்பாரைக்கு உதிர்கிற பாறை. அதை இயந்திரம் வைத்து உடைத்து மேலே பரப்பினால் மண் ஆழம் கூடுமா?

பதில்: பரப்ப வேண்டாம். இருக்கிற மேல்மண்ணும் கெட்டுப்போகும்.

முதலில் கல் விஷயம். மண் உறைந்துபோகும் குளிர்நாடுகளில் பனிக்கட்டி கல்லை மேலே தள்ளுவதுண்டு. உங்கள் நிலத்தில் கல் தானாக மேலே வரவில்லை. மண்தான் கீழே போகிறது. பெரிய மழைத்துளி நொடிக்கு 8, 9 மீட்டர் வேகத்தில் விழுந்து மண்கட்டியை உடைக்கிறது. உடைந்த களியும் வண்டலும் ஓடும் நீரோடு போய்விடும். கல்லை இழுக்கும் அளவுக்கு அந்த நீருக்கு வேகம் இல்லாததால் கல் நின்றுவிடுகிறது. கொஞ்சத்தை உழவும் புரட்டி மேலே போடுகிறது. ஒரு ஏக்கரில் 1 மில்லிமீட்டர் மண் கரைந்தால் சுமார் 4 கன மீட்டர், அதாவது 5 டன்னுக்கு மேல் போய்விட்டது என்று அர்த்தம். கண்ணுக்கு ஒன்றும் தெரியாது.

இனி அந்த உதிர்பாறை. ஒரு துண்டை உடைத்து வெயிலில் பாருங்கள். மினுங்கும் கருந்தகடுகளைச் சுற்றித் துருக்கறை இருந்தால் அது கருங்கல் வகைப் பாறை. அந்தத் தகடு கருப்பு அபிரகம். நீரும் காற்றும் பட்டு அபிரகம் உப்பும்போது பாறை உள்ளுக்குள்ளேயே விரிசல் விட்டுப் பரல் பரலாக உதிர்கிறது. மழைநீரிலும் வேர் விடும் மூச்சிலும் உள்ள கரியமில வாயு மென்மையான அமிலமாகி, வெளிறிய ஃபெல்ஸ்பார் பகுதியைக் களிமண்ணாக மாற்றுகிறது. குவார்ட்ஸ் கரையாமல் மணலாக மிஞ்சுகிறது. செம்மண்ணின் நிறம் இரும்புத் துரு. இப்படி ஒரு சென்டிமீட்டர் மண் உருவாகவே பெரும்பாலும் நூற்றாண்டுகள் பிடிக்கும். இயந்திரம் பாறையைப் பொடியாக்கும். மக்கையும் நுண்ணுயிரையும் தராது. அந்தப் பொடியை மேலே போட்டால் மழைக்கு இறுகி ஓடு கட்டும், கடலை முளை முட்டி நிற்கும். பாறைப்பொடியில் சாம்பல் சத்து இருப்பது உண்மைதான். ஆனால் அது மிக மெதுவாகத்தான் கரையும், இந்தப் போகத்துக்கு உதவாது.

ஆகவே பாறையை விட்டுவிட்டு, ஓடும் மண்ணை நிறுத்துங்கள். அதற்கு உங்கள் கல்லே போதும். முட்டைக்கும் சிறிய கல்லைப் பொறுக்காதீர்கள். அது துளியின் அடியைத் தாங்கும், ஈரத்தையும் காக்கும். கலப்பையில் மாட்டும் பெரிய கல்லை மட்டும் எடுத்து, சரிவுக்குக் குறுக்கே சமமட்ட வரிசையாக அடுக்குங்கள்.

மட்டம் பார்க்கக் கண்ணை நம்ப வேண்டாம். இரண்டு மீட்டர் கழிகள் இரண்டை ‘ஏ’ எழுத்துப்போலக் கட்டி, நடுவே குறுக்குச் சட்டம் வைத்து, உச்சியிலிருந்து கயிற்றில் கல் தொங்கவிடுங்கள். கயிறு சட்டத்தைத் தொடும் இடத்தைக் குறித்து, கால்களை அதே தடங்களில் இடம் மாற்றி வைத்து மறுபடி குறியுங்கள். இரு குறிகளுக்கும் நடுப்புள்ளிதான் மட்டம். கயிறு அங்கே நிற்கும்படி ஒரு காலை ஊன்றி மறுகாலைச் சுழற்றிக்கொண்டே போய், கால் படும் இடமெல்லாம் முளை அடியுங்கள்.

100 மீட்டருக்கு 3 மீட்டர் இறங்கும் சரிவென்றால் வரிசைக்கு வரிசை 30 மீட்டர் இடைவெளி போதும். 2 மீட்டர் இறங்கினால் 40. முளைவழியே 10 முதல் 15 சென்டிமீட்டர் ஆழம் பள்ளம் பறித்து, பெரிய கல்லை அதில் பதியுங்கள். பள்ளம் பறிக்காமல் மேலே வைத்தால் அடியில் நீர் அரித்துக் கல் புரளும். மேட்டுப் பக்கம் சின்னக் கல்லை நெருக்கி அடுக்கினால் நீர் வடியும், வண்டல் தங்கும். உயரம் 25, 30 சென்டிமீட்டர் போதும். வரிசையை ஒட்டி மேட்டுப் பக்கம் வெட்டிவேர்த் தூர்களை 10 முதல் 15 சென்டிமீட்டர் இடைவெளியில் நட்டால் பிடிப்பு கூடும்.

நிலத்தில் ஏற்கெனவே அரிப்பு ஓடை விழுந்திருந்தால் அதில் போடும் கல்தடுப்பின் நடுவைத் தாழ்த்தி, இரு முனைகளையும் கரைக்குள் புதையுங்கள். நடு உயர்ந்தால் நீர் ஓரத்தைக் குடைந்து ஓடையை அகலமாக்கிவிடும். பலரும் தவறுவது இங்கேதான்.

முதல் பெருமழை ஓய்ந்ததும் வரிசை நெடுக நடந்து பாருங்கள். வண்டல் எல்லா இடத்திலும் ஒரே சீராகப் படியாமல் நீர் ஓரிடத்தில் மட்டும் வழிந்த தடம் இருந்தால், அங்கே மட்டம் தாழ்ந்திருக்கிறது. அடுத்த மழைக்குள் அந்த இடத்தில் கல் சேர்த்து உயர்த்துங்கள்.