'சப்' ஆனால் மறுத்துப் பேசக்கூடாதா?

கேள்வி: கோத்தகிரியில் தேயிலைத் தொழிற்சாலை அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன். வயது 29. கணவருக்கு பிடிஎஸ்எம்மில் (கட்டிப்போடுவது, ஒருவர் ஆள மற்றவர் அடங்குவது போன்ற பாலியல் விளையாட்டுகளில்) ஆர்வம், எனக்கும் விருப்பம் உண்டு. ஆனால் சமீபமாக, "நான் டாம், நீ சப். இது டோட்டல் பவர் எக்ஸ்சேஞ்ச். ஒருமுறை சரி என்று சொல்லிவிட்டால் அப்புறம் மறுக்கக்கூடாது" என்கிறார். என் ஏடிஎம் கார்டையும் வாங்கி வைத்துக்கொண்டார். இந்தச் சொற்களுக்கு அர்த்தம் அதுதானா?

பதில்: இல்லை சகோதரி. உங்கள் கணவர் சொல்வது அதற்கு நேர்மாறானது.

பவர் எக்ஸ்சேஞ்ச் என்றால், வயதுவந்த இருவர் பேசி முடிவுசெய்து, ஒருவர் தன் விஷயத்தில் முடிவெடுக்கும் உரிமையை மற்றவர் கையில் கொடுப்பது. கொடுப்பவர் சப், ஏற்பவர் டாம். எதில், எவ்வளவு நேரம், எதுவரை என்பதை இருவரும் முன்கூட்டியே பேசுவார்கள். 'இது கூடவே கூடாது' என்று சப் சொன்ன இடத்தை டாம் தாண்ட முடியாது. கொடுத்ததை எந்த நொடியிலும் திரும்ப வாங்கிக்கொள்ளலாம்.

அதற்குத்தான் சேஃப்வேர்டு, அதாவது நிறுத்தச் சொல்வதற்கென்று முன்கூட்டியே பேசிவைத்த சொல். பலர் சிக்னல் விளக்கைப்போல வைத்துக்கொள்வார்கள்: மஞ்சள் என்றால் மெதுவாக, சிவப்பு என்றால் அப்படியே நிறுத்து. வாய் மூடியிருந்தால் கையில் ஒரு சாவிக்கொத்து. அது தரையில் விழுந்தால் சிவப்பு என்று அர்த்தம். முடிந்தபின் போர்வை, சூடான டீ, பக்கத்தில் உட்கார்ந்து பேச்சு. இதை ஆஃப்டர்கேர் என்பார்கள். அனுபவமுள்ள எந்த டாமும் இதைத் தவிர்க்கமாட்டார். உங்கள் வீட்டில் இவையெல்லாம் இருக்கின்றனவா என்று யோசித்துப் பாருங்கள்.

இந்தச் சொற்கள் எங்கிருந்து வந்தன என்பதிலும் உங்களுக்கு விடை இருக்கிறது. சாடிசம் (வலி கொடுப்பதில் இன்பம்), மசோகிசம் (வலி பெறுவதில் இன்பம்) இரண்டும் 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் மனநல மருத்துவர் கிராஃப்ட்-எபிங் நோய்ப்பெயர்களாக மருத்துவத்துக்குள் கொண்டுவந்தவை. சாட், சாகர்-மசோக் என்ற இரு எழுத்தாளர்களின் பெயரிலிருந்து பிறந்தவை. டாம், சப், பவர் எக்ஸ்சேஞ்ச் அப்படியல்ல. இந்த வாழ்க்கையை வாழ்ந்தவர்களே தங்களுக்குள் புழங்கிய சொற்கள். வன்முறையாளர்கள் என்ற பழியைச் சுமந்தவர்கள், 'நாங்கள் செய்வது வேறு' என்று காட்டவேண்டிய கட்டாயத்தில் இருந்தார்கள். 'பாதுகாப்பு, தெளிந்த புத்தி, சம்மதம்' என்ற கொள்கை 1983இல் நியூயார்க்கில், தன்பால் ஈர்ப்புள்ள ஆண்களின் அமைப்பு ஒன்றில் உருவானது. பிடிஎஸ்எம் என்ற சுருக்கம் 1990களின் தொடக்கத்தில் இணைய விவாதக் குழுக்களில் பரவியது. ஆக, சம்மதத்தை எடுத்துவிட்டால் இந்தச் சொற்களுக்கு வேலையே இல்லை.

ஆர்வம் இருப்பதே நோயோ என்ற பயம் வேண்டாம். உலக சுகாதார நிறுவனத்தின் 2022இல் நடைமுறைக்கு வந்த நோய்ப் பட்டியலில், இருவரும் சம்மதித்துச் செய்யும் சாடோமசோகிசம் நோயாக இல்லை.

டோட்டல் பவர் எக்ஸ்சேஞ்ச் என்பதும் உண்டுதான். பணம், உடை, நேரம் என்று அன்றாட வாழ்க்கை முழுவதையும் ஒப்படைக்கும் ஜோடிகள் இருக்கிறார்கள். அங்கேயும் விலகும் உரிமை சப்பிடமே இருக்கிறது. உங்கள் சம்பளத்தை உங்களிடமே திருப்பித் தர அவர் மறுத்தால் அது ஆட்டமே இல்லை. 2005ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைச் சட்டம் பொருளாதாரக் கொடுமையையும் வன்முறை என்றே சொல்கிறது.

முதலில், படுக்கையறைக்கு வெளியே, பகல் நேரத்தில், ஏடிஎம் கார்டைத் திரும்பக் கேளுங்கள். "என் பணம் என்னிடம் இருக்கட்டும், சேஃப்வேர்டு இல்லாமல் இனி எதுவும் வேண்டாம்" என்று சொல்லுங்கள். நல்ல டாம் என்றால் உடனே கொடுத்துவிட்டு உட்கார்ந்து பேசுவார். கோபமோ மிரட்டலோ வந்தால், தனியாக வாதாட வேண்டாம். கோத்தகிரி சின்ன ஊர், விஷயம் வெளியே தெரிந்துவிடுமோ என்று தயங்குவீர்கள். 181 மகளிர் உதவி எண்ணில் எந்த நேரமும் பேசலாம். மனம் விட்டுப் பேச மட்டும் என்றால் 14416, அரசின் மனநல ஆலோசனை எண்ணான டெலி மானஸ். படுக்கையறை விவரங்களைச் சொல்லித்தான் உதவி கேட்கவேண்டும் என்பதில்லை. சம்பளத்தைப் பிடித்து வைத்திருக்கிறார், மறுத்தால் மிரட்டுகிறார் என்பதே போதும்.