நான்கு தலைமுறை நிலம்: கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

எங்கள் ஆறு ஏக்கர் நிலம் கொள்ளுத்தாத்தா, தாத்தா, அப்பா, இப்போது நான் என்று குடும்பத்திலேயே இருக்கிறது. ஒரு சென்ட்கூட வெளியே போகவில்லை. அதன் வரலாற்றை எழுத ஆசை. தகரப்பெட்டி நிறையப் பழைய பத்திரங்கள் இருக்கின்றன. எங்கிருந்து தொடங்குவது?

– ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

கட்டாயம் எழுதுங்கள். விவரம் சொல்ல அப்பா இருக்கும்போதே தொடங்கிவிடுங்கள்.

பட்டாவிலிருந்து தொடங்க வேண்டாம். அது இன்றைய பெயரைத்தான் சொல்லும். 1979 முதல் 1987 வரை நடந்த நில உடைமை மேம்பாட்டுத் திட்டத்தில் (யு.டி.ஆர். என்பார்கள்) பல ஊர்களில் உட்பிரிவு எண்கள் மாறின, பெயர்களும் பிழையாக ஏறின. பழைய எண்ணை வைத்துத் தேடினால் வேறு யாருடைய நிலமோ வந்து நிற்கும்.

பத்திரங்களைத் தேதி வரிசையில் அடுக்கி, சொத்து விவரத்தை முதலில் படியுங்கள். 'வண்டிப்பாதைக்கு வடக்கு, இன்னார் நிலத்துக்குக் கிழக்கு' என்று நான்கெல்லை இருக்கும். கிணற்றில் எத்தனை பாகம், எந்த வரப்பு வழியாக மாமூல் நடைபாதை என்றும் இருக்கும். அன்றைய அக்கம்பக்கம் முழுக்க அந்த நாலு வரியில் இருக்கிறது. அப்புறம் வில்லங்கச் சான்று (நிலத்தின் மேல் பதிவான விற்பனை, அடமானங்களின் பட்டியல்) போடுங்கள். அடமானம் வைத்த வருஷங்களைக் குறித்துக்கொண்டு, மழை பொய்த்ததா, கல்யாணமா, வைத்தியமா என்று அப்பாவிடம் கேளுங்கள். உழுதவர்கள் பெயர் பத்திரத்தில் இராது. அதையும் அவரிடமே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

சரி, எனக்கு உறுத்திய ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். உங்கள் கடிதத்தில் இருக்கும் நான்கு பேரும் ஆண்கள். ஒரு சென்ட்கூட வெளியே போகவில்லை என்றால், யாரோ தங்கள் பங்கை விட்டுக்கொடுத்திருக்கலாம். 'விடுதலைப் பத்திரம்' என்று தலைப்பிட்ட தாள் பெட்டியில் இருக்கிறதா பாருங்கள். 1956ஆம் வருஷத்து இந்து வாரிசுரிமைச் சட்டம் அப்பாவின் பங்கில் மகளுக்கும் கொஞ்சம் தந்தது. பூர்வீகச் சொத்தில் பிறப்பிலேயே சம உரிமை தமிழ்நாட்டில் 1989இல்தான் வந்தது. அதற்கு முன்பே கல்யாணமானவர்களுக்கு 2005 வரை அந்த உரிமை இருக்கவில்லை. அந்தக் கொஞ்சத்தையும் அண்ணன் தம்பிகளுக்கு எழுதிக் கொடுத்தவர்கள் நிறைய.

எங்கள் வீட்டில் 1971இல் எழுதியது ஒன்று இருக்கிறது. 'சீர் வரிசைகளை ஏற்கெனவே பெற்றுக்கொண்டபடியால்' என்று பத்திர எழுத்தர் எழுதியிருக்கிறார். கீழே அத்தையின் இடது பெருவிரல் ரேகை. மை அதிகமாகி, கோடுகள் தெரியாத நீலத் திட்டாக இருக்கிறது. பக்கத்தில் அவர் பெயர், வேறு யாரோ எழுதியது. எனக்கு விடுதிக்கு மாதாமாதம் கடிதம் எழுதிய அத்தை அவர். ஏன் கையெழுத்துப் போடவில்லை என்று கேட்க இப்போது அவர் இல்லை.

உங்களுக்கு அத்தை யாராவது இருந்தால் இந்த வாரமே போய்ப் பாருங்கள். பத்திரத்தை எடுத்துப்போகாதீர்கள், எதற்கோ கையெழுத்து வாங்க வந்திருப்பதாக நினைத்துவிடுவார். அந்த நிலத்தில் சின்ன வயதில் என்னென்ன வேலை செய்தீர்கள் என்று மட்டும் கேளுங்கள்.