சொத்துரிமையை நீக்கிவிட்டார்கள் என்று சொல்லி வீட்டை இடிக்கலாமா?

கேள்வி: பெங்களூர் அல்சூரில் அப்பா கட்டிய வீட்டில் இருக்கிறோம். சாலையை அகலப்படுத்தப் போவதாகச் சொல்லி, முன்சுவரில் சிவப்பு பெயின்ட்டால் அம்புக்குறி போட்டு ‘6 அடி’ என்று எழுதிவிட்டுப் போனார்கள். நஷ்டஈடு கேட்டால், “சொத்துரிமையை அரசியல் சட்டத்திலிருந்தே எடுத்தாச்சு. டி.டி.ஆர். (மாற்றத்தக்க கட்டுமான உரிமைச் சான்றிதழ்) வாங்கிக்கொண்டு கையெழுத்துப் போடுங்க” என்கிறார்கள். உண்மையா?

பதில்: பாதி உண்மை. 1978-ல் வந்த 44-வது திருத்தம், 19(1)(எஃப்), 31 ஆகிய பிரிவுகளை நீக்கியது. 1979 ஜூன் 20 முதல் சொத்துரிமை அடிப்படை உரிமை அல்ல. ஆனால் அதே திருத்தம்தான் 300-ஏ பிரிவையும் சேர்த்தது. சட்டத்தின் அதிகாரம் இல்லாமல் எவருடைய சொத்தையும் பறிக்கக் கூடாது என்கிறது அது. சுவரில் அடித்த பெயின்ட் சட்டமாகாது. உங்களுக்கு நடைமுறையில் உள்ள இழப்பு ஒன்றுதான்: அடிப்படை உரிமைகளுக்கான 32-வது பிரிவைக் காட்டி நேராக உச்ச நீதிமன்றம் போக முடியாது. 226-வது பிரிவின்கீழ் கர்நாடக உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு போடலாம்.

300-ஏ பிரிவில் நஷ்டஈடு என்ற சொல்லே இல்லையே என்று அரசுத் தரப்பு வாதாடும். அதற்குப் பதில் உங்கள் ஊரிலேயே இருக்கிறது. நடிகை தேவிகா ராணியும் அவர் கணவர் ரோரிக்கும் வாழ்ந்த கனகபுரா சாலை தாதகுனி எஸ்டேட் வழக்கில், 2011-ல் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு இதை அலசியது. எஸ்டேட் என்னவோ அரசுக்குத்தான் போனது. ஆனாலும் பொதுநோக்கம் இருக்க வேண்டும், நஷ்டஈடு கோரும் உரிமை 300-ஏ பிரிவுக்குள்ளேயே அடங்கியிருக்கிறது என்று தீர்ப்பில் எழுதினார்கள். பெங்களூர்–மைசூர் சாலைத் திட்டத்துக்கு நிலம் கொடுத்தவர்கள் பணத்துக்காக வருடக்கணக்கில் அலைந்த வழக்கில், 2019 ஏப்ரல் 22 அன்றைய சந்தை மதிப்பில் கணக்கிடச் சொன்னது உச்ச நீதிமன்றம். அது 2025 ஜனவரித் தீர்ப்பு.

டி.டி.ஆர். பணமல்ல. வேறிடத்தில் கூடுதலாகக் கட்டவோ, அந்த உரிமையை விற்கவோ உதவும் சான்றிதழ். நல்ல விலைக்குப் போகுமா என்பது சந்தையின் கையில். சம்மதித்து ஒப்படைப்பவர்களுக்கான ஏற்பாடு அது. கையெழுத்துப் போட்டுவிட்டால் ‘பறித்தார்கள்’ என்று பிறகு வாதாடுவது கஷ்டம்.

வழக்குக்கு முன் ஒரு வேலை. கிரயப் பத்திரத்தில் உள்ள நான்கு எல்லை அளவுகளை எடுத்து, லைசென்ஸ் பெற்ற சர்வேயரை வைத்து அளந்துவிடுங்கள். அந்த 6 அடியும் சாலைப் புறம்போக்கு என்று தெரிந்தால் 300-ஏ உங்களுக்கு உதவாது; நீதிபதி முதலில் கேட்பதும் அதைத்தான். இடம் உங்களுடையதுதான் என்றால், எந்தச் சட்டத்தின்கீழ், எந்த அறிவிக்கையின்படி எடுக்கிறீர்கள் என்று கேட்டு ஸ்பீட் போஸ்ட்டில் கடிதம் அனுப்புங்கள். சுவரைத் தேதியோடு போட்டோ எடுத்து வையுங்கள். அப்பா காலமாகி, கத்தா (மாநகராட்சியின் சொத்துப் பதிவு) இன்னும் அவர் பெயரில் இருந்தால் வாரிசுகள் எல்லோரும் சேர்ந்து மனு போடுவது நல்லது. பதில் தராமல் ஜே.சி.பி.யோடு வரும் அறிகுறி தெரிந்தால், அன்றே வக்கீலிடம் சொல்லி இடைக்காலத் தடை கேளுங்கள்.